பழைய மடிக்கணினி: பணம் கொடுக்கும் முன் அது யாருடையது என்று உறுதி செய்யுங்கள்

கல்லூரிச் சேர்க்கை முடியும் மாதங்களில் சென்னை அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவில் பெற்றோர்களின் கூட்டம் கூடிவிடும். 20,000 ரூபாயை ஒட்டிய ஒரு தொகையைக் கையில் வைத்துக்கொண்டு, பிள்ளையின் படிப்பு முடியும்வரை தாங்கும் மடிக்கணினி ஒன்றைத் தேடி வருபவர்களே அவர்களில் அதிகம். அந்தத் தொகைக்குக் கிடைக்கும் புதிய மடிக்கணினியைவிட, அலுவலகங்களில் சில ஆண்டுகள் உழைத்துவிட்டு வரும் டெல் லாட்டிட்யூட், எச்பி எலைட்புக், லெனோவா திங்க்பேட் வகைகள் உறுதியானவை என்பதை, இரண்டையும் பழுதுபார்க்கும் மேசையில் பிரித்துப் பார்ப்பவன் என்ற முறையில் தயக்கமின்றிச் சொல்வேன். ஆனால் வாங்குபவர்களில் பலர் மேல்மூடியில் கீறல் இருக்கிறதா என்று திருப்பித் திருப்பிப் பார்க்கிறார்களே தவிர, பின்னால் பெரிய செலவாகவும் வழக்காகவும் மாறக்கூடியவற்றைப் பார்ப்பதில்லை.

கடைக்குப் போகும் முன்பே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்குக் கைக்கணினி அல்லது மடிக்கணினி வழங்கும் திட்டத்தைத் தமிழ்நாடு அரசு 2025-26 நிதிநிலை அறிக்கையில் அறிவித்தது. உங்கள் பிள்ளையின் பெயர் அதில் வருமா என்று கல்லூரி அலுவலகத்தில் கேட்டுவிட்டு, அதன் பிறகு பணத்தை எடுங்கள்.

அடுத்தது, கணினியின் மேல் ஒட்டியிருக்கும் இன்டெல் செயலி ஸ்டிக்கர். 'ஐ5' என்ற எழுத்து மட்டும் எதையும் சொல்லாது. அதன் பின்னால் வரும் எண்ணைப் படிக்க வேண்டும். ஐ5-7200யு ஏழாம் தலைமுறை, அதில் இரண்டு கோர்கள் (செயலிக்குள் வேலை செய்யும் அலகுகள்)தான் உண்டு. ஐ5-8250யு எட்டாம் தலைமுறை, அதில் நான்கு. ஐ5-1135ஜி7 என்பதுபோல 11 என்று தொடங்கினால் அது பதினொன்றாம் தலைமுறை. வெளியே ஒரே ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும் இரண்டு கணினிகளுக்குள் இவ்வளவு தூரம் இருக்கலாம். விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்புப் புதுப்பிப்புகள் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டன. விண்டோஸ் 11, சில விதிவிலக்குகள் தவிர, இன்டெல் எட்டாம் தலைமுறைக்குக் கீழே உள்ளவற்றை முறைப்படி ஏற்பதில்லை. விற்பவர் ஏதோ ஒரு வழியில் ஏழாம் தலைமுறைக் கணினியில் அதை ஏற்றிக் காட்டலாம்; ஆனால் அத்தகைய கணினிகளுக்குப் புதுப்பிப்புகள் வரும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி அளிப்பதில்லை. எனவே நான்காண்டுப் படிப்புக்கு எட்டாம் தலைமுறையைக் கடைசி எல்லையாக வைத்துக்கொள்ளுங்கள். பத்து, பதினொன்று கிடைத்தால் இன்னும் நல்லது.

இப்போது நான் மிக முக்கியமாகக் கருதும் விஷயத்துக்கு வருகிறேன். சந்தையில் 'கார்ப்பரேட் லாட்' (நிறுவனங்கள் மொத்தமாகக் கழித்தவை), 'லீஸ் ரிட்டர்ன்' (குத்தகை முடிந்து திரும்பியவை) என்று சொல்லப்படும் கணினிகளை அவற்றின் பழைய நிறுவனங்கள் தம் பெயரில் பதிவு செய்து வைத்திருக்கலாம். விண்டோஸ் கணினிகளுக்கு ஆட்டோபைலட் என்ற ஏற்பாடு இருக்கிறது. அதில் பதிவான கணினியை முழுவதும் அழித்துவிட்டு இணையத்தோடு இணைத்தால், முதல் திரையிலேயே பழைய நிறுவனத்தின் பெயர் தோன்றி, அலுவலக மின்னஞ்சலையும் கடவுச்சொல்லையும் கேட்கும். நிறுவனம் கணினியைக் கழிக்கும்போது இந்தப் பதிவையும் நீக்க வேண்டும். பல நேரங்களில் நீக்குவதில்லை. இணைய இணைப்பு இல்லாமல் விண்டோஸை ஏற்றிவிட்டால் இந்தத் திரை வராது என்பதால், வாங்கும் நாளில் எல்லாம் சரியாகவே தெரியும். ஒரு வருடம் கழித்து, பருவத் தேர்வுக்கு நடுவில், மாணவர் கணினியை ரீசெட் செய்யும் (முழுவதும் அழித்துப் புதிதுபோல் ஆக்கும்) இரவில்தான் பூட்டு விழும். மேக்புக் வாங்குபவர்களும் இதே கவனத்தோடு இருக்க வேண்டும். பழைய உரிமையாளர் தம் ஆப்பிள் கணக்கிலிருந்து நீக்காத மேக்புக்கை ஆக்டிவேஷன் லாக் தடுத்து நிறுத்தும்.

இதைச் சோதிக்க ஒரே வழிதான் இருக்கிறது. விற்பவரின் கண்ணெதிரே கணினியை முழுவதும் ரீசெட் செய்யச் சொல்லி, உங்கள் கைப்பேசியின் ஹாட்ஸ்பாட்டில் இணைத்து, உங்கள் சொந்தக் கணக்கில் நுழையும்வரை அங்கேயே காத்திருங்கள். நேரம் பிடிக்கும், காத்திருங்கள். அதோடு விண்டோஸ் தொடங்கும் முன் திறக்கக்கூடிய அடிப்படை அமைப்புப் பக்கமான பயாஸைத் திறந்து, அதற்குக் கடவுச்சொல் போடப்பட்டிருக்கிறதா என்றும், முன்பு கம்ப்யூட்ரேஸ் என்று அழைக்கப்பட்ட அப்சொல்யூட் கண்காணிப்பு இயக்கத்தில் இருக்கிறதா என்றும் பாருங்கள். இவற்றுக்கு உடன்படாத விற்பனையாளரிடம் எவ்வளவு குறைந்த விலை இருந்தாலும் வாங்க வேண்டாம் என்றே நான் சொல்வேன். 'சிப்பை மாற்றி எடுத்துத் தருகிறேன்' என்று சொல்பவர்களையும் நம்பாதீர்கள். கணினியைத் தன் பெயரில் பதிவு செய்த நிறுவனத்தின் வழியாகத்தான் அந்தப் பதிவை முறையாக நீக்க முடியும்.

தாம்பரம் பக்கத்திலிருந்து ஒரு பொறியியல் மாணவர் இப்படிப் பூட்டிய கணினியோடு வந்தார். அவருடைய தந்தை கடையில் வரிசை எண்ணோடு பில் வாங்கி வைத்திருந்ததால், அதை இணைத்து அந்த நிறுவனத்துக்கு எழுதச் சொன்னேன். முறையாக ஏலத்தில் விற்ற கணினிதான் என்று சரிபார்த்து அவர்களே பதிவை நீக்கினார்கள். இதே நிலையில் பில் இல்லாமல் வருபவர்களுக்கு என்னால் ஒன்றும் செய்ய முடிவதில்லை. இணைய விளம்பரம் பார்த்து ரயில் நிலைய வாசலில் பணம் கொடுத்து வாங்கியிருப்பார்கள். விற்றவரின் எண் அணைந்திருக்கும். திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ, நேர்மையற்று வாங்கி வைத்திருப்பது பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 317-ஆம் பிரிவின்படி குற்றம். சந்தை விலையில் பாதிக்கு, பில் இல்லாமல் ஒருவர் கொடுக்கும்போது அந்தக் கேள்வி உங்கள் பிள்ளையை நோக்கி எழலாம் என்பதை நினைத்துப் பாருங்கள்.

பேட்டரியைப் பொறுத்தவரை வாய்ச்சொல் தேவையில்லை. விண்டோஸே பேட்டரி அறிக்கை ஒன்றைத் தயாரித்துத் தரும். அதில் தயாரிப்பின்போது இருந்த கொள்ளளவும் இப்போது முழுதாக ஏறும் கொள்ளளவும் அருகருகே இருக்கும். இரண்டாவது எண் முதலாவதில் பாதியளவுக்குச் சரிந்திருந்தால், புதிய பேட்டரியின் விலையைக் கணக்கில் சேர்த்துக்கொண்டு பேரம் பேசுங்கள். டச்பேட் மேலெழும்பி இருந்தாலோ, கணினியை மேசையில் வைத்தால் ஆடினாலோ பேட்டரி வீங்கியிருக்கக்கூடும். அது தீப்பிடிக்கும் அபாயம் உள்ளது, பேரத்துக்கு உரியதன்று. டெல் கணினிகளில் சார்ஜரையும் கவனியுங்கள்: அடையாளம் காண முடியாத சார்ஜரைச் செருகினால் பேட்டரி ஏறாமல் போவதோடு கணினியின் வேகமும் குறைக்கப்படும். கணினி பழுது என்று என்னிடம் கொண்டுவரப்படுபவற்றில் சில, சார்ஜரை மாற்றியதும் சரியாகிவிடுகின்றன.

சென்னைக்கே உரிய ஒரு சோதனை உண்டு, அது தண்ணீர். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது நகரின் பல பகுதிகளில் வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. நனைந்த கணினியை உலர்த்தினால் அது சில மாதங்கள் ஓடும். உள்ளே அரிப்பு மெல்லப் பரவி ஒருநாள் மதர்போர்டு நின்றுவிடும். கடற்கரையை ஒட்டிய வீடுகளில் உப்புக்காற்றும் இதே வேலையைச் செய்கிறது. கைப்பேசி விளக்கை அடித்து யுஎஸ்பி துளைகளுக்குள் பச்சையாகவோ வெள்ளையாகவோ பூத்திருக்கிறதா, அடிப்பக்கத் திருகுகள் துருப்பிடித்திருக்கின்றனவா என்று பாருங்கள்.

ரேம் (தற்காலிக நினைவகம்) 8 ஜிபிக்குக் குறையக் கூடாது; பொறியியல் வரைபடங்களுக்கான கேட் (CAD) மென்பொருள்கள் ஓட்ட வேண்டிய பொறியியல் மாணவருக்கு 16 ஜிபி வேண்டும். மெல்லிய சில மாடல்களில் ரேம் மதர்போர்டோடு பற்றவைக்கப்பட்டிருப்பதால் பின்னால் கூட்ட முடியாது, அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். சேமிப்புக்குப் பழைய வகை ஹார்ட் டிஸ்க் உள்ளதை விட்டுவிட்டு, வேகமான எஸ்எஸ்டி உள்ளதையே எடுங்கள்.

கடைகள் கொடுக்கும் 'டெஸ்டிங் வாரண்டி' எத்தனை நாள், எந்தெந்தப் பாகங்களுக்கு என்பதை வரிசை எண்ணோடு பில்லிலேயே எழுதி வாங்குங்கள். அந்த நாட்களில் கணினியைப் பெட்டிக்குள் வைக்காமல், மதிய வெயிலில் குளிர்சாதனம் இல்லாத அறையில் இரண்டு மூன்று மணி நேரம் தொடர்ந்து வீடியோ அழைப்பில் ஓட விடுங்கள். எல்லாத் துளைகளிலும் எதையாவது செருகிப் பாருங்கள், ஒவ்வொரு விசையையும் அழுத்திப் பாருங்கள், மூடியைப் பலமுறை திறந்து மூடுங்கள். கணினி தானாக அணைந்தாலோ, மூடியை அசைக்கும்போது திரையில் கோடு விழுந்தாலோ, அதைக் கைப்பேசியில் படம்பிடித்துக்கொண்டு, வாரண்டி முடிவதற்குள் பில்லோடு கடைக்குக் கொண்டுபோங்கள்.