பிழைக்க வந்த ஊரில் வாடகை வீடு: மத்திய அரசின் திட்டம் யாருக்கு, எப்படி?

பீகாரிலிருந்தோ கள்ளக்குறிச்சியிலிருந்தோ ஸ்ரீபெரும்புதூருக்கு வேலைக்கு வருகிறவருக்குப் பிரதமர் வீட்டு வசதித் திட்டத்தின் பெரும்பகுதி பயன்படாது. அது வீடு கட்டவோ வாங்கவோ தரும் மானியம். அதற்கு நாட்டில் எங்கேயும் சொந்தமாகக் கெட்டி வீடு இருக்கக் கூடாது. ஊரில் பேருக்கு ஒரு மாடி வீடு இருந்தாலே மனு தள்ளுபடிதான். ஆனால் இவர் கேட்பது சொந்த வீடு இல்லையே. வேலை செய்யும் ஊரில், சம்பளத்துக்குள் அடங்கும் வாடகையில் ஓர் இடம்.

கொரோனா ஊரடங்கில் வாடகை கொடுக்க வழியில்லாமல் லட்சக்கணக்கானோர் ஊர் திரும்பிய பிறகு, 2020 ஜூலையில் இதற்கென்றே ஒரு திட்டம் வந்தது. மலிவு வாடகை வீட்டு வளாகத் திட்டம்; ஆங்கிலச் சுருக்கத்தில் ஏ.ஆர்.எச்.சி என்பார்கள். 2024 செப்டம்பரில் தொடங்கிய பிரதமர் நகர்ப்புற வீட்டு வசதித் திட்டம் 2.0-விலும் வாடகை வீடு ஒரு தனிப் பிரிவு.

வழிகள் இரண்டு. பழைய திட்டங்களில் கட்டி, ஆள் குடியேறாமல் கிடக்கும் அரசு வீடுகளைப் பழுதுபார்த்து வாடகைக்கு விடுவது ஒன்று. சண்டிகரின் மலோயாவில் 2,195 வீடுகள் இப்படித்தான் முதலில் திறக்கப்பட்டன. இன்னொன்று, தனியாரோ பொதுத்துறை நிறுவனமோ தன் நிலத்தில் புதிதாகக் கட்டுவது. குறைந்தது 40 வீடுகளாவது, அல்லது அதற்கு ஈடான படுக்கைகளாவது இருக்க வேண்டும்; 25 ஆண்டுகள் வாடகைக்கு மட்டுமே விட வேண்டும். இதற்காகக் கட்டுபவருக்கு வரிச் சலுகையும், வழக்கத்தைவிடக் கூடுதல் தளப்பரப்பு கட்ட அனுமதியும் உண்டு.

ஒற்றைப் படுக்கையறை வீடு 30 சதுர மீட்டர் வரை, அதாவது சுமார் 320 சதுர அடி. தனியாளுக்கு விடுதி போன்ற கூடத்தில் ஒரு படுக்கை. ஆண்டு வருமானம் 6 லட்சம் ரூபாய்க்குள் இருக்கும் கட்டடத் தொழிலாளி, ஆலைத் தொழிலாளி, தள்ளுவண்டிக்காரர், ஓட்டல் ஊழியர், மாணவர் எல்லோரும் தகுதியுள்ளவர்களே.

வாடகை விஷயத்தைக் கவனமாகப் பாருங்கள். 2020 விதிப்படி இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை 8 சதவீதம்தான் ஏற்றலாம்; ஐந்து ஆண்டில் மொத்தம் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. 3,000 ரூபாய் வாடகை இரண்டு ஆண்டு கழித்து 3,240 ஆகலாம். ஐந்தாண்டுக்குள் 3,600-ஐத் தாண்ட முடியாது. ஆண்டுதோறும் ஐந்நூறு, ஆயிரம் என்று வீட்டுக்காரர் ஏற்றும் ஊர்களில் இது பெரிய பாதுகாப்பு. ஆனால் தொடக்க வாடகை? அரசு வீடுகளுக்கு உள்ளாட்சி நிர்ணயிக்கும். தனியார் கட்டியதற்கு, அக்கம்பக்க வாடகையை விசாரித்து அவர்களே நிர்ணயிக்கலாம். திட்டத்தின் பெரிய ஓட்டை இதுதான். தொடக்க வாடகைக்கும் தொழிலாளியின் கூலிக்கும் ஒரு தொடர்பு வைத்திருக்க வேண்டும்.

பக்கத்து மாநிலத்தில் அரசே குறைந்த வாடகையை வைத்துக் காட்டியது. பாலக்காட்டுக் கஞ்சிக்கோட்டில் கேரள அரசு 2019-இல் திறந்த 'அப்னா கர்' விடுதியில் 620 வெளிமாநிலத் தொழிலாளர்கள் தங்கலாம். ஒரு படுக்கைக்கு மாதம் 800 ரூபாய் என்று வைத்தார்கள்.

மத்திய அரசுத் திட்டத்தின் வளாகங்களில் இடம் பிடிக்கப் பெரும்பாலும் கம்பெனி மூலமாகவோ, வளாகத்தை நடத்துபவரிடம் நேரிலோதான் போக வேண்டும். எத்தனை ஆண்டு இருந்தாலும் வீடு உங்கள் பெயருக்கு மாறாது. மாறும் என்று சொல்லி யாராவது முன்பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். வாடகையைச் சம்பளத்தில் பிடிப்பார்களா, வேலையை விட்டால் எத்தனை நாளில் காலி செய்ய வேண்டும் என்பதைச் சேரும் முன்பே கேட்டு, ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள்.