பொலிஸ் கிணத்தை எட்டிப் பாத்தா அதுக்கு என்ன அர்த்தம்?

ரெண்டு வருஷத்துக்கு முன்னம் திருகோணமலையில எங்கட றோட்டில ஒரு பொடியன் காணாமப் போனவன், 17 வயசு. ஆரெண்டு தெரியக்கூடாது எண்டதுக்காக சில விஷயத்தை மாத்தித்தான் எழுதுறன். பின்னேரம் டியூசனுக்கு எண்டு வெளிக்கிட்டவன், இரவு 9 மணியாகியும் வரேல்ல, போன் ஓஃப். விடியுறதுக்குள்ள உவர்மலையில இருந்து நிலாவெளி வரைக்கும் எல்லார்ட போனிலயும் அவன்ட படம், சிவப்பு ரீ-சேட் போட்டு கோணேசர் கோயில் வாசல்ல மானுக்குப் பக்கத்தில நிண்டு சிரிக்கிற படம்.

காலமை பொலிஸ் வந்து முதல் வேலையா அவங்கட வீட்டைத்தான் தேடினது, அலுமாரி, கட்டிலுக்குக் கீழ, சீலிங்குக்கு மேல, பிறகு பின்வளவுக் கிணத்துக்குள்ள டோர்ச் அடிச்சுப் பாத்தாங்க. மதிலுக்கு அங்கால நிண்ட சனம் உடனே கதை கட்டிட்டுது, "பாத்தியளா, வீட்டைத்தான் கிண்டுறாங்கள், தேப்பனில ஏதோ சந்தேகம் போல". ஆரோ ஒராள் கிணத்தடியை வீடியோ எடுத்துப் போட, பத்து நிமிஷத்தில அது "கிணற்றில் மாணவனின் சடலம்" எண்டு மாறி அந்தப் பொடியன்ட தாய்ட போனுக்கே வந்திட்டுது. அந்த மனிசி போனைப் பிடிச்சபடி குசினி வாசல்ல குந்தினதை நான் கண்ணால பாத்தனான். கிணத்தில ஒண்டும் இருக்கேல்ல.

அண்டைக்குத்தான் எனக்கு உறைச்சது, தேடுறது எண்டா என்னெண்டு எங்களில கனபேருக்குத் தெரியாது. ஒரு இடத்தைத் தேடினா அங்க ஏதோ இருக்கிறதா துப்புக் கிடைச்சிட்டுது எண்டு நினைக்கிறம். தேடலுக்கு எண்டே ஒரு கணிதம் இருக்கு, அது சொல்றது வேற.

ரெண்டாம் உலகப்போர் நேரம் ஜேர்மன் நீர்மூழ்கிக் கப்பல்களை இவ்வளவு பெரிய கடலில எங்க போய்த் தேடுறது எண்ட பிரச்சினை அமெரிக்கக் கடற்படைக்கு வந்தது. அதுக்காக வேலை செய்த பேர்னாட் கூப்மன் எண்ட கணித அறிஞரும் அவரோட இருந்த ஆக்களும் உருவாக்கினதுதான் தேடல் கோட்பாடு. சமன்பாட்டை விடுங்க, புளியங்கொட்டையால சொல்லிப்பாக்கிறன்.

ஒரு மேசையில திருகோணமலை வரைபடத்தை விரிச்சு வைங்க. கையில 100 புளியங்கொட்டை, ஒரு கொட்டை எண்டா 100க்கு ஒரு வாய்ப்பு. பொடியன் எங்க இருப்பான் எண்டு தெரிஞ்சதை வச்சு கொட்டையைப் பிரிச்சு வைக்கிறம், டவுன் பக்கம் 50, நிலாவெளிப் பக்கம் 30, கன்னியா காட்டுப்பக்கம் 20. கொட்டை கூட இருக்கிற இடத்தை முதல்ல தேடுறது, அதோட தேட லேசான, கிட்ட இருக்கிற இடத்தையும் சுறுக்கா முடிக்கிறது. வீட்டை முதல்ல தேடுறதுக்கு இதுதான் காரணம். சின்னப்பிள்ளையள் கட்டிலுக்குக் கீழ ஒளிச்சு அப்பிடியே நித்திரையாகிப் போறது எத்தினை தரம் நடந்திருக்கு, பெரிய பிள்ளையள் எண்டாலும் ஒரு கொப்பி, ஒரு பஸ் டிக்கெட், சார்ஜர் இருக்கா இல்லையா எண்டதே ஒரு தகவல். அரை மணித்தியாலத்தில முடியிற வேலை, அதைச் செய்யாம நிலாவெளிக்கு ஓடுறது மடவேலை. கிணறும் அப்பிடித்தான். பொலிஸ் எட்டிப் பாத்தது அங்க வச்ச ஒரு கொட்டையை எடுக்கிறதுக்கு.

இனி கவனமாப் பாருங்க. டவுன் பக்கம் முழுக்கத் தேடியாச்சு, ஆள் இல்லை. அங்க இருந்த 50 கொட்டையையும் எடுத்து எறியலாமா? ஏலாது. கூப்மன் போட்ட கணக்கின்படி, ஒரு இடத்தை முழுக்கப் பாக்கப் போதுமான ஆக்கள் இருந்தும் ஒழுங்கில்லாம ஆளாளுக்கு நினைச்ச பக்கம் ஓடித் தேடினா, அங்க இருக்கிறதைக் கண்டுபிடிக்கிற வாய்ப்பு 100க்கு 63தான். ஏனெண்டா ஒரே ஒழுங்கையை நாலு பேர் பாப்பினம், பக்கத்து ஒழுங்கையை ஒருத்தரும் பாக்காயினம். ரெட்டிப்பு ஆக்கள் போனாலும் 86தான். அப்ப டவுன் பக்கத்து 50இல 32ஐ எடுக்கலாம், 18 அங்கயே கிடக்கும். இப்ப கொட்டை கூட இருக்கிறது நிலாவெளியில, 30. தேடல் அங்க மாறும், அங்கயும் இல்லையெண்டா கொட்டையைக் குறைச்சுப்போட்டு திரும்ப டவுனுக்கே வரவும் கூடும். "பொலிஸுக்கு ஒரு இழவும் தெரியாது, தேடின இடத்தையே தேடுறான்" எண்டு ஏசுறம். திரும்பத் தேடுறதுதான் சில நேரம் சரியான கணக்கு.

இதுக்குப் பெரிய சாட்சி ஒண்டு இருக்கு. 2009 ஜூன் மாசம் ரியோவில இருந்து பாரிசுக்குப் போன எயார் பிரான்ஸ் 447 விமானம் 228 பேரோட அத்திலாந்திக் கடலில விழுந்தது. கறுப்புப்பெட்டியில இருந்து வாற சத்தத்தைக் கேட்டுத் தேடினாங்க, கேக்கேல்ல, அதால அந்தப் பகுதியில இல்லை எண்டு வச்சு வேற இடங்களைத் தேடினாங்க. 2011இல கணக்கைத் திரும்பப் போட்டவங்க, சத்தம் போடுற கருவி ரெண்டுமே பழுதாகிப் போயிருந்தா என்ன எண்டு யோசிச்சு, "இல்லை" எண்டு தள்ளின இடத்துக்குக் கொட்டையைத் திரும்ப வச்சாங்க. புதுசாத் தேடல் தொடங்கி ஒரு கிழமைக்குள்ள விமானம் கிடைச்சது, கடைசியாத் தெரிஞ்ச இடத்துக்குக் கிட்டத்தான், கிட்டத்தட்ட 3,900 மீற்றர் ஆழத்தில.

இனி எங்கட கதைக்கு வாறன். மூண்டு நாளுக்குள்ள அவனைக் கன்னியா வெந்நீர்க் கிணத்தடியில கண்டதாம், நிலாவெளிக் கடற்கரையில கண்டதாம், ஹபரணையில கொழும்பு பஸ்ஸில கண்டதாம். கண்ட எல்லாருமே சொன்னது "சிவப்பு ரீ-சேட்". அவன் வீட்டை விட்டுப் போகேக்க போட்டிருந்தது வெள்ளைச் சேட். சிவப்பு ரீ-சேட் படத்தில இருந்தது, அது வீட்டு அலுமாரிக்குள்ள மடிச்சபடி கிடந்தது.

அவங்க பொய் சொல்லேல்ல, எனக்கு அதில ஒரு ஓட்டோ அண்ணையை நல்லாத் தெரியும், பிள்ளையள் உள்ள மனிசன், மனசு கேக்காமத்தான் வந்து சொன்னவர். ஞாபகம் எண்டது வீடியோ மாதிரிப் பதிஞ்சு கிடக்கிறேல்ல, நினைக்கிற ஒவ்வொரு தரமும் மூளை அதைத் திரும்பக் கட்டுது, கட்டேக்க பிறகு கேட்டது பாத்தது எல்லாம் உள்ள வந்திடும். 1974இல எலிசபெத் லொஃப்டஸும் ஜோன் பாமரும் மாணவர்களுக்கு ஒரு கார் விபத்துப் படத்தைக் காட்டி, ஒரு பகுதியிட்ட கார் "மோதி நொறுங்கேக்க" என்ன வேகம் எண்டும் இன்னொரு பகுதியிட்ட "முட்டேக்க" என்ன வேகம் எண்டும் கேட்டாங்க. ஒரு கிழமை கழிச்சு, கண்ணாடி உடைஞ்சு கிடந்ததைப் பாத்தீங்களா எண்டு கேக்க, நொறுங்கின எண்டு கேட்ட 50 பேரில 16 பேர் ஓம் எண்டாங்க, முட்டின எண்டு கேட்டவங்களில 7 பேர். படத்தில கண்ணாடி உடையவே இல்லை. ஒரு சொல்லுக்கே இப்பிடி எண்டா, இருநூறு தரம் பாத்த ஒரு படம் என்ன செய்யும்?

இந்தச் சிவப்புச் சேட் கதை ஒவ்வொண்டும் டவுனில இருந்து கொஞ்சம் கொட்டையை அள்ளி கன்னியாவுக்கும் ஹபரணைக்கும் கொண்டு போச்சு. பொலிஸில அண்டைக்கு நிண்டது கொஞ்சப்பேர், அதில ரெண்டு பேர் ஹபரணைக்குப் போக ஒரு நாள் முழுக்கப் போச்சு.

வதந்தி ஏன் இவ்வளவு கெதியாப் பரவுது எண்டதுக்கு ஓல்போர்ட், போஸ்ட்மன் எண்ட ரெண்டு உளவியலாளர் 1947இலயே சொன்னவை, விஷயம் எவ்வளவு முக்கியமோ அதையும் எவ்வளவு தெளிவில்லையோ அதையும் பெருக்கினா வதந்தியின்ட பலம் வரும் எண்டு. பெருக்கல் எண்டதுதான் விசேஷம், ரெண்டில ஒண்டு பூச்சியமானா வதந்தி செத்துப்போம். பிள்ளை காணாமப் போன விஷயத்தில முக்கியத்தைக் குறைக்க ஏலாது. தெளிவைத்தான் கூட்டலாம். அதால பொலிஸ் வாயே திறக்காம இருக்கிறதும் பிழை எண்டுதான் நான் சொல்லுவன், "வழமையாச் செய்யிற தேடல்தான் இது, துப்பு ஒண்டும் கிடைக்கேல்ல" எண்டு ரெண்டு வரி சொல்லியிருந்தா கிணத்து வீடியோ அவ்வளவு தூரம் போயிராது. 2018இல வந்த ஒரு ஆய்வில ட்விட்டரில பரவின கிட்டத்தட்ட 126,000 செய்திகளைப் பாத்ததில, 1,500 பேரிட்டப் போய்ச்சேர உண்மைக்குப் பொய்யை விட ஆறு மடங்கு நேரம் எடுத்ததாம்.

எங்கட ஊருக்கு இதில ஒரு தனிக் காயமும் இருக்கு. ஆக்களைக் கடத்திக்கொண்டு போன வெள்ளை வான் எண்ட சொல்லைக் கேட்டு வளந்த ஆக்கள் நாங்கள், படத்தைக் கையில வச்சுக்கொண்டு இண்டைக்கும் பிள்ளையைக் கேட்டு றோட்டில நிக்கிற தாய்மார் இருக்கிற மாவட்டம். 2011 ஆவணியில, உடம்பில கிறீஸ் பூசின ஆக்கள் இரவில வந்து தாக்கிறாங்களாம் எண்ட கிறீஸ் பூதக் கதையால கிண்ணியா, மூதூர்ப் பக்கம் எல்லாம் சனம் இரவிரவா முழிச்சுக் கிடந்தது. காணேல்ல எண்ட உடன மனம் ஆகப் பயங்கரமான கதைக்கு ஓடுறதை நான் குறையாச் சொல்லேல்ல, அந்தப் பயம் சும்மா வந்ததில்லை.

சரி, அவன் எப்பிடிக் கிடைச்சான்? ஒரு கடைக் கமராவால.

பஸ் ஸ்ராண்ட் பக்கத்துக் கடை ஒண்டில பதிவு பாத்தப்ப 4:53க்கு வெள்ளைச் சேட்டோட ஒரு பொடியன் போறான். அந்த நேரத்துக்கு நிண்டது கொழும்பு றோட்டால கந்தளாய்ப் பக்கம் போற பஸ், அப்ப கொழும்புக்குத்தான் எண்டு எல்லாரும் முடிவு கட்டிட்டாங்க. நாலாம் நாள் வந்த ஒரு பொலிஸ் தம்பி, தன்ட போனில நேரத்தைத் திறந்து கமரா ஸ்கிரீனுக்குப் பக்கத்தில பிடிச்சு ரெண்டையும் சேத்து ஒரு படம் எடுத்தான். கமரா 13 நிமிஷம் முன்னுக்கு ஓடுது. அப்ப அவன் போனது 4:40க்கு, அந்த நேரம் வெளிக்கிட்டது மூதூர் பஸ். கமராப் பெட்டியள் கனக்க இப்பிடித்தான், கரண்ட் போய் வந்தா நேரம் குழம்பும், ஒருத்தரும் திருத்திறேல்ல, அதோட இடம் நிரம்பினா பழைய பதிவுக்கு மேலயே எழுதிடும். ஒரு கிழமை பிந்தியிருந்தா அந்தப் பதிவே இருந்திராது.

இதுக்குள்ள டவர் விபரமும் வந்து எங்களைக் குழப்பினது. போன் கடைசியாப் பிடிச்சது டவுன் பக்கத்து டவர், அதுவும் துறைமுகத்தைப் பாத்த பக்கம். "கடலுக்க விழுந்திட்டான்" எண்டு கதை. டவர் எண்டது பொதுவா மூண்டு பக்கமாப் பிரிச்சு ஒவ்வொண்டும் 120 பாகைக்கு அன்ரனா வச்சிருக்கும், அது காட்டுறது ஒரு பெரிய பீட்சாத் துண்டு மாதிரி ஒரு பரப்பு. தரையில மரம், கட்டடம் எல்லாம் சிக்னலை மறிக்கும், கடலுக்கு மேல மறிக்க ஒண்டும் இல்லை. அதால கொட்டியாரக்குடாவுக்கு அங்கால மூதூர்க் கரையில நிக்கிற போன் சில நேரம் இந்தப் பக்கத்து டவரைப் பிடிக்கலாம். 2ஜி வலையமைப்பில டைமிங் அட்வான்ஸ் எண்டு ஒண்டு இருக்கு, சிக்னல் போய்வர எடுக்கிற நேரத்தை வச்சு போன் டவரில இருந்து எவ்வளவு தூரம் எண்டு கிட்டத்தட்ட 550 மீற்றர் படியில சொல்லும், 35 கிலோமீற்றர் வரைக்கும். அது இருந்தா துண்டு ஒரு வளையமாச் சுருங்கும். இருந்தாலும் ஒரு புள்ளியாக் காட்டாது.

கமரா நேரத்தையும் டவர்ப் பக்கத்தையும் சேத்துப் பாத்தப்பதான் மூதூரில கொட்டை குவிஞ்சது. அவன் அங்க ஒரு சிநேகிதன்ட சித்தி வீட்டில இருந்தவன், பரீட்சை மாக்ஸ் வீட்டில தெரியவரும் எண்ட பயம். அவ்வளவுதான். காணாமப் போற இந்த வயசுப் பிள்ளையளில பெரும்பாலும் தாங்களா வெளிக்கிட்டுப் போறவங்கதான்.

இன்னும் சிலது சொல்லோணும். 24 மணித்தியாலம் பொறுத்துத்தான் முறைப்பாடு குடுக்கலாம் எண்டது கட்டுக்கதை, உடனே போங்க, பொலிஸ் அவசர நம்பர் 119, சின்னாக்களுக்கான உதவி நம்பர் 1929. பிள்ளை கடைசியாப் படுத்த தலையணை உறையைத் தோய்க்காம வைங்க, எங்கட தோலில இருந்து நிமிஷத்துக்கு ஆயிரக்கணக்கில உதிர்ற நுண்துகளைத்தான் மோப்பநாய் பிடிக்குது, கச்சான் காத்தும் மத்தியான வெய்யிலும் அதைக் கலைக்கும், நாப்பது பேர் முத்தத்தில மிதிச்சாலும் கலையும். தேடப் போனா கூப்பிட்டுட்டு ஒரு நிமிஷம் எல்லாரும் பேசாம நிண்டு கேளுங்க, எல்லாரும் ஒரேயடியாக் கத்திக்கொண்டு போனா பதில் கேக்காது. எங்க, எத்தினை மணிக்கு, என்னத்தைப் பாத்தம் எண்டு எழுதி பொலிஸில குடுங்க, "பாத்தன், இல்லை" எண்டதும் ஒரு தகவல்தான், அதுவும் கொட்டையை நகத்தும்.

படம் போடுறதெண்டா திகதியோட போடுங்க, என்ன உடுப்பு எண்டு எழுதுங்க, ஆள் கிடைச்சா அழிச்சுப்போட்டு கிடைச்சிட்டான் எண்டும் போடுங்க. அவன் இப்ப ஏ-எல் முடிச்சு வேலைக்கும் போறான். போன மாசம் வவுனியாவில இருக்கிற என்ட மச்சாள் அதே சிவப்பு ரீ-சேட் படத்தை எனக்கு அனுப்பி, "உங்கட ஊர்ப் பொடியனாம், பாவம், தாய் தேப்பன் என்ன பாடுபடுதுகளோ" எண்டு எழுதியிருந்தவ.