கல்வெட்டை அச்சுக்கு அனுப்பும் முன்

கல்வெட்டு என்று நாங்கள் சொல்வது இறந்தவரின் நினைவாக அடித்துக் கொடுக்கும் சிறு புத்தகத்தை. ஒரு ஐயாவின் 31ஆம் நாள் கிரியைக்கு இரண்டு நாள் இருக்கும்போது 300 கல்வெட்டுகள் இரவு பஸ்ஸில் கிளிநொச்சிக்கு வந்து இறங்கின. கட்டைப் பிரித்துப் பார்த்தால் அட்டையில் பெயர் இல்லை. ஐயாவின் படம் இருக்கிறது, பிறந்த திகதியும் இறந்த திகதியும் இருக்கின்றன, பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் ஊதா நிறம். என் கணினியில் அந்தப் பெயர் தெளிவாகத் தெரிந்தது. அனுப்பிய பிடிஎப்பைப் போனில் திறந்து பார்த்தபோதும் தெரிந்தது.

பிழை என்னுடையது. பெயரை முதலில் கறுப்பில் வைத்து, ‘ஓவர்பிரிண்ட்’ போட்டிருந்தேன். கீழே உள்ள நிறத்தில் எழுத்துக்கு இடம் விடாமல், அந்த நிறத்தின் மேலேயே அடி என்பதுதான் அதன் பொருள். கறுப்பு எழுத்துக்கு அது நல்லது. பிறகு வீட்டுக்காரர் கேட்டார்கள் என்று பெயரை வெள்ளையாக்கினேன், ஓவர்பிரிண்டை எடுக்கவில்லை. நாங்கள் அடிக்கும் ஓப்செற் அச்சில் வெள்ளை மை கிடையாது. மை படாத தாள்தான் வெள்ளை. பெயருக்கு இடம் விடாதே என்று கோப்பே சொல்லும்போது ஊதா முழுவதும் நிரம்பிவிடும். அட்டையை மட்டும் டிஜிற்றலில் திரும்ப அடித்து, விடிய விடிய இருந்து மாற்றிக் கட்டினோம். அன்றிலிருந்து, நான் டிசைன் செய்யும் மென்பொருளான இலஸ்ட்ரேற்றரில் ‘ஓவர்பிரிண்ட் பிரிவியூ’வைப் போட்டுப் பார்க்காமல் ஒரு கோப்பையும் நான் அனுப்பியதில்லை. அதைப் போட்டால் அச்சில் மறையப்போகும் எழுத்து திரையிலேயே மறைந்து காட்டும்.

வன்னியில் புதிதாக இந்த வேலைக்கு வரும் தம்பி தங்கைகளுக்காகவே இதை எழுதுகிறேன். நாங்கள் பலர் இங்கே டிசைன் செய்து, பிளேட் என்ற அச்சுத் தகட்டுக்கும் அச்சுக்கும் யாழ்ப்பாணத்துக்கோ கொழும்புக்கோ அனுப்புகிறோம். மெஷினுக்குப் பக்கத்தில் நின்று “கொஞ்சம் பொறுங்கோ அண்ணை” என்று சொல்ல எங்களால் முடியாது. பிளேட் போட்டாயிற்று என்றால் ஒரு எழுத்தை மாற்றவும் புதுப் பிளேட் வேண்டும். திருவிழாவும் 31ஆம் நாளும் எங்களுக்காகத் தள்ளிப்போகாது.

எழுத்துருதான் எங்களுக்குப் பெரிய தலையிடி. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்த பழைய எழுத்துரு பாமினி. இன்னும் அதில் தட்டச்சுச் செய்பவர்கள் நிறையப் பேர். பாமினி இல்லாத கணினியில் அந்தக் கோப்பைத் திறந்தால் தமிழ் முழுவதும் ஆங்கில எழுத்தாகிவிடும், குற்று வரும் இடமெல்லாம் அரைப்புள்ளி நிற்கும். யூனிகோட்டில் செய்தால் வேறு சிக்கல். போட்டோஷொப்பிலும் இலஸ்ட்ரேற்றரிலும் தெற்காசிய மொழிகளுக்கான அமைப்பைத் தெரிவு செய்யாவிட்டால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும், ‘கொ’வும் ‘கோ’வும் உடைந்துவிடும். உங்கள் திரையில் எழுத்து சரியாக வந்தபின், இரண்டுக்கும் ஒரே மருந்துதான். எழுத்துகளை உருவக் கோடுகளாக மாற்றிவிட்டு அனுப்புங்கள். இலஸ்ட்ரேற்றரில் அது ‘கிரியேட் அவுட்லைன்ஸ்’, கோரல்ட்ரோ என்ற மென்பொருளில் ‘கொன்வேர்ட் டு கேர்வ்ஸ்’. மாற்றியபின் எழுத்தைத் திருத்த முடியாது, ஆகவே திருத்தக்கூடிய பிரதியை வேறு பெயரில் சேமித்து வைத்துவிட்டே மாற்றுங்கள்.

அதற்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. ஒரு பிரதியைத் தாளில் அடித்து, வீட்டுக்காரரில் ஒருவரிடம் கொடுத்து, வாய்விட்டு வாசிக்கச் சொல்லுங்கள். கல்வெட்டில் மக்கள், மருமக்கள், பேரப்பிள்ளைகள், சகோதரங்கள் என்று 50 பெயர்களாவது வரும். கனடாவில் இருக்கும் மருமகளின் பெயர் விடுபட்டால் அது எத்தனை வருடம் பேசப்படும் என்று உங்களுக்கே தெரியும். திரையில் கண் தாண்டிப் போகும் பிழையை வாசிக்கும் வாய் பிடித்துவிடும். வாசித்தவரிடம் அந்தத் தாளிலேயே கையெழுத்தும் வாங்கி வையுங்கள்.

நிறத்துக்கு வருவோம். திரை சிவப்பு, பச்சை, நீல ஒளியால் நிறம் காட்டுகிறது. அச்சு நீலப்பச்சை, கருஞ்சிவப்பு, மஞ்சள், கறுப்பு ஆகிய நாலு மைகளால் நிறம் காட்டுகிறது. ஒளியில் வரும் எல்லா நிறமும் மையில் வராது. பாடசாலை மலருக்கு இரணைமடுக் குளத்தின் கீழ் விளைந்த வயலைப் போனில் எடுத்து அட்டையாக வைத்தால், திரையில் கண்ணைப் பறிக்கும் அந்தப் பச்சை தாளில் மங்கித்தான் வரும். டிசைனைத் தொடங்கும்போதே சிஎம்வைகே என்ற நாலு மை முறையில் தொடங்கினால் கடைசியில் ஏமாற்றம் இல்லை. சிறிய கறுப்பு எழுத்தைத் தனிக் கறுப்பு மையிலேயே, 100 வீதத்தில் வையுங்கள். நாலு மையும் கலந்த கறுப்பில் வைத்தால், பிளேட் ஒரு மயிரளவு விலகினாலும் எழுத்தின் ஓரத்தில் நிறம் கசிந்தது போலத் தெரியும். வயதானவர்களால் வாசிக்கவே முடியாது.

வெட்டு ஓரம் பற்றி எல்லா அச்சகத்தாரும் சொல்வார்கள். நாலு பக்கமும் 3 மில்லிமீற்றர் கூட விட்டு, ஏ5 அளவென்றால் 154க்கு 216 ஆகக் கோப்பை அமையுங்கள். எழுத்தை ஓரத்திலிருந்து 5 மில்லிமீற்றராவது உள்ளே வையுங்கள். நடுவில் கம்பி அடிக்கும் புத்தகமானால் பக்கங்கள் நாலின் மடங்காக வரவேண்டும்.

படங்களைப் பற்றித்தான் எனக்கு அதிகம் சொல்ல இருக்கிறது.

அச்சுக்கு ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி வேண்டும். ஏ4 பக்கம் முழுவதும் ஒரு படம் வருவதென்றால் 2480க்கு 3508 பிக்சல். வட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பிய படம் நீளப் பக்கத்தில் ஏறத்தாழ 1600 பிக்சலுக்குச் சுருங்கிவிடும். அதை 13 சென்ரிமீற்றருக்கு மேல் பெருப்பித்தால் தெளிவு குறையத் தொடங்கும். ‘டொக்கியுமென்ற்’ ஆக அனுப்பச் சொல்லுங்கள், சுருங்காது.

ஆனால் வன்னியில் பல வீடுகளில் அனுப்புவதற்கு வேறு படமே இல்லை. இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து, 2009இல் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தவர்களிடம் மிஞ்சியது அடையாள அட்டைப் படமோ, ஈரம் பட்டுக் கறை பிடித்த பாஸ்போர்ட் அளவுப் படமோதான். அப்படிப்பட்ட படத்தைப் போனால் படம் எடுத்து அனுப்பாதீர்கள். ஸ்கானரில் 1200 புள்ளியில் எடுங்கள். 35க்கு 45 மில்லிமீற்றர் படம் அப்போது நாலு மடங்கு பெருக்கத்தைத் தாங்கும். லமினேற் செய்திருந்தால் பிரிக்க வேண்டாம். கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருந்தால் இழுக்கவே வேண்டாம், முகம் கண்ணாடியோடு போய்விடும். கண்ணாடியோடேயே ஸ்கான் செய்யுங்கள்.

ஒரு தடவை ஓர் அம்மா, கணவரின் கல்வெட்டில் முன்னமே இறந்த மகனின் படத்தையும் போடச் சொல்லிக் கொண்டுவந்தார். ஷொப்பிங் பைக்குள் சுற்றிய, பெருவிரல் அளவுப் படம். மங்கலாக இருக்கிறதே என்று ஏஐ செயலி ஒன்றில் போட்டுத் தெளிவாக்கினேன். கண், மூக்கு, தலைமயிர் எல்லாம் பளிச்சென்று வந்தன. அம்மா நெடுநேரம் பார்த்தார். “தம்பி, வடிவாத்தான் இருக்கு. ஆனா இது என்ர பிள்ளை இல்லை” என்றார்.

அவர் சொன்னது சரி. அந்தச் செயலிகள் படத்தில் இல்லாத விவரத்தைத் தாமாகவே ஊகித்து நிரப்புகின்றன. வேறு நூறு படம் இருக்கும் முகத்துக்கு அது பெரிய பாதகமில்லை. ஒரே ஒரு படம் மிஞ்சிய முகத்துக்கு அதைச் செய்யக்கூடாது. பழைய ஸ்கானையே எடுத்து, கறையை மட்டும் கையால் மெதுவாக நீக்கி, இரண்டு அங்குல உயரத்தில், சுற்றிலும் வெள்ளை இடம் விட்டு வைத்தேன். அந்த அளவில் அது தெளிவாகவே வந்தது. அம்மா கல்வெட்டுகளை எடுக்க வந்த அன்று மூலப் படத்தைப் புது உறையில் இட்டு, ஸ்கானை ஒரு பென்ட்ரைவில் போட்டு, இரண்டையும் அவரின் கையிலேயே கொடுத்தேன்.