கூடாரம்தானே என்று நடுச்சாமத்தில் வந்து நிற்பவர்களுக்கு

சென்ற வாரம் மறுபடியும் நடந்தது. இரவு பத்தரை மணி இருக்கும். எங்கள் கிராமத்தின் மணல் ஒழுங்கைக்குள் ஒரு வேன் நுழைந்தது. தேடி வந்தது நான் நடத்தும் கூடாரத் தங்குமிடத்தை. போய் நின்றது வேறொருவர் வீட்டுப் படலையில். ஹோர்ன் அடித்தார்கள். முன்விளக்கு முற்றம் முழுக்கப் பாய்ந்தது. இரண்டு பேர் இறங்கிப் படலையைத் தட்டினார்கள். உள்ளே இருந்தவர்கள் வயதான ஓர் அம்மாவும் பள்ளிக்கூடம் போகும் பேத்தியும் மட்டுமே. அந்த அம்மா கதவைத் திறக்கவில்லை. விளக்கை அணைத்தார், பேத்தியின் வாயைப் பொத்தினார், பின்வாசல் வழியாக அயல்வீட்டுக்கு ஓடினார்.

வந்தவர்கள் கெட்டவர்கள் அல்லர். கொழும்பிலிருந்து பிள்ளைகளோடு விடுமுறைக்கு வந்த ஒரு குடும்பம். காலையில் விஷயம் தெரிந்ததும் அந்தத் தகப்பன் மனம் நொந்துபோனார். "வழி கேட்கத்தானே அண்ணா தட்டினோம்" என்றார். தம்பி, உங்களுக்கு அது வழி கேட்பது. திருகோணமலை மாவட்டத்தின் ஒரு கிராமத்தில், பெயர் சொல்லாத ஒரு வாகனம் இருட்டில் படலைக்கு முன்னால் நின்று கூப்பிட்டால், நாற்பது வயதைத் தாண்டிய யாரும் அதை வழி கேட்பதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். போர் 2009இல் முடிந்தது. அந்தச் சத்தத்துக்கு வயிறு கலங்குவது இன்னும் முடியவில்லை. இதையெல்லாம் தமிழ் பேசும் ஆட்களுக்கே விளக்கிச் சொல்ல வேண்டிவரும் என்று நான் நினைத்திருக்கவில்லை.

இறக்கக்கண்டிப் பாலத்தைத் தாண்டி, புல்மோட்டை வீதியிலிருந்து உள்ளே இறங்கினால் என்னுடைய இடம். சில கூடாரங்கள், கிடுகு வேய்ந்த சமையல் கொட்டில், கழிப்பறை, ஒரு கிணறு. வரவேற்பறை கிடையாது. இரவுக் காவலாளி கிடையாது. நானும் மனைவியும்தான் முதலாளி, நாங்களேதான் வேலையாட்களும். பின்னேரங்களில் மருமகன் வந்து விறகு கொத்திக் கொடுப்பான். நிலாவெளியிலிருந்து குச்சவெளி வரைக்கும் இப்படிப்பட்ட சிறிய இடங்கள் இப்போது பல இருக்கின்றன. நடத்துபவர்கள் ஒன்று சேர்ந்தால் பேசுவது வருமானத்தைப் பற்றி அல்ல, சொல்லாமல் வந்தவர்களைப் பற்றித்தான்.

என்னைக் கொதிக்கவைக்கும் வாசகம் ஒன்று உண்டு. "கூடாரம்தானே அண்ணா, நிலம் காலியாகத்தானே கிடக்கிறது, ஒரு மூலையில் அடித்துக்கொள்கிறோம்." ஹோட்டலில் அறை நிறைந்துவிட்டது என்றால் பேசாமல் திரும்பிப் போகிற அதே மனிதர், என்னிடம் மட்டும் நிலத்தைச் சுட்டிக்காட்டி வாதாடுவார். ஆகவே அந்தக் காலி நிலத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லத்தான் வேண்டும்.

தென்னைகளுக்குக் கீழே அடிக்க முடியாது. தேங்காய் விழும், காய்ந்த மட்டை விழும்; இரண்டும் தலையைப் பார்த்து விழுவதில்லை. மேற்கு மூலையில் புல் பச்சைப் பசேல் என்று மெத்தை விரித்ததுபோல் இருக்கும், எல்லோருடைய கண்ணும் முதலில் அங்கேதான் போகும்; அதற்கு அடியில்தான் மலக்குழி இருக்கிறது. புல் ஏன் அவ்வளவு பச்சை என்று இப்போது தெரிந்திருக்கும். வடக்குப் பக்கம் தாழ்ந்த நிலம். ஒரு மழைக்கே கணுக்கால் வரை தண்ணீர் நிற்கும். நடுவில் வெட்டவெளி இருக்கிறதே என்பார்கள். ஜூன், ஜூலையில் கச்சான் காற்று வீசும்போது அங்கே கடையில் வாங்கிய கம்பி முளைகள் மணலில் ஒரு மணி நேரம்கூட நிற்காது. முழ நீளத்து மரமுளையைச் சாய்த்து இறக்க வேண்டும், அல்லது மணல் நிரப்பிய பையைப் புதைத்துக் கயிறு கட்ட வேண்டும். அதை இருட்டில் யார் செய்வது? நான்தான்.

நிலத்தையாவது விடுங்கள். எத்தனை பேர் தங்கலாம் என்பதை நிலம் தீர்மானிப்பதில்லை, தண்ணீர் தீர்மானிக்கிறது. கடலோர மணலில் மழைநீர் உப்புநீருக்கு மேலே மெல்லிய படையாக மிதந்துகொண்டிருக்கிறது. கோடையில் மோட்டாரைப் போட்டு அளவுக்கு மேல் இறைத்தால் அடியில் இருக்கும் உப்பு மேலே ஏறிவரும். ஏறியது அடுத்த மாரி வரைக்கும் இறங்காது. என் கிணற்றை ஒட்டித்தான் அயலவரின் வெங்காயப் பாத்தி இருக்கிறது. எதிர்பாராமல் வந்த பத்துப் பேர் கடலில் குளித்துவிட்டு வந்து, ஆளுக்கு அரைமணி நேரம் குழாயைத் திறந்துவிட்டு நின்றால், காலையில் எனக்கு வசவு விழுவது அந்தப் பாத்திக்காரரிடமிருந்துதான். கூடாரங்களின் எண்ணிக்கை இந்தக் கணக்கில் போட்டது. காலி நிலம் கிடக்கிறதே என்று கேட்பவரிடம் நான் கிணற்றுக்குள் எட்டிப் பார்க்கச் சொல்வதுண்டு.

சாப்பாடும் அப்படித்தான். காலையில் கரைவலை இழுக்கும்போது தலைக்கணக்குப் பார்த்து மீன் வாங்குகிறேன். இரவு ஒன்பது மணிக்குப் பாரை மீன் பொரியல் கேட்டால் நான் எந்தக் கடலுக்குப் போவது?

இப்போது எனக்கு உண்மையில் பயம் தரும் விஷயத்துக்கு வருகிறேன். யானை. கும்புறுப்பிட்டி, குச்சவெளி, திரியாய்ப் பக்கத்துக் காடுகளிலிருந்து கோடையில் யானைகள் தண்ணீருக்கும் பயிருக்கும் இறங்கிவரும். அதனால் பொழுதுபட்டதும் என் யானை வேலிக்கு மின் கொடுத்துவிடுவேன். சூரிய மின்கலத்தில் இயங்குவது; நொடிக்கு ஒரு துடிப்பாக வரும் மின்சாரம். ஆளைக் கொல்லாது, ஆனால் கையை வைத்தவர் இரண்டாம் தடவை வைக்க மாட்டார். படலையும் அந்த வேலியில் ஒரு பகுதி. நீங்கள் வருவது தெரிந்தால் டோர்ச் லைட்டோடு வீதிக்கு வந்து நின்று, வேலியை அணைத்து, கம்பியைக் கழற்றி உள்ளே விடுவேன். தெரியாவிட்டால் உங்கள் பிள்ளைதான் முதலில் இறங்கி ஓடிவந்து படலையைப் பிடிக்கும்.

என் வேலியாவது முறையானது. வழி தவறி நீங்கள் போகும் தோட்டத்து வேலி எப்படியோ யார் கண்டார்? யானைக்கும் பன்றிக்கும் பயந்து வீட்டு மின்சாரத்தையே நேரடியாகக் கம்பியில் கொடுத்துவிடுகிறவர்கள் இந்த நாட்டில் இருக்கிறார்கள். சட்டவிரோதம்தான். ஆனாலும் ஆண்டுதோறும் மனிதர்களும் யானைகளும் அதில் சாகத்தான் செய்கிறார்கள். வேலியைத் தாண்டிக் குறுக்கே போகலாம் என்று கைத்தொலைபேசி வெளிச்சத்தில் நடக்காதீர்கள். தரைமட்டத்தில் கட்டில்லாமல் கிடக்கும் தோட்டக் கிணறுகள் வேறு இருக்கின்றன. கூடாரம் கிடைக்கவில்லை என்றால் தறப்பாளை விரித்து வெறுந்தரையில் படுத்துவிடலாம் என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: கட்டுவிரியன் இரவில்தான் திரியும், தூங்குகிறவரைத்தான் பெரும்பாலும் கடிக்கும், கடித்தது பலருக்குத் தெரிவதே இல்லை.

சரி, ஏன் இடம் தவறுகிறது? "பலகை வைக்கக் கூடாதா?" என்று கேட்பார்கள். வைத்திருக்கிறேன். எருமைகள் முதுகு சொறிவதற்கு அதைத்தான் தேர்ந்தெடுத்திருக்கின்றன. நிமிர்த்தி வைத்துக்கொண்டே இருக்கிறேன். ஆனால் பெரும்பாலானவர்கள் தவறுவது பலகையால் அல்ல, கைத்தொலைபேசியில் உள்ள வரைபடத்தில் யாரோ குத்திவைத்த புள்ளியை வேதவாக்காக நம்புவதால். முன்பு ஒருவர் வந்து தங்கி, படம் போட்டு, தவறான வளவில் புள்ளி வைத்துவிட்டுப் போய்விட்டார். அந்த வளவுதான் அந்த அம்மாவின் வீடு.

இலக்கங்களாக இடத்தை அனுப்பினாலும் கவனமாகப் பாருங்கள். 8.75 என்பதை 8.57 என்று தட்டினால் இருபது கிலோமீட்டர் தெற்கே, திருகோணமலை நகரத்துப் பக்கம் போய் நிற்பீர்கள். ஊர்ப் பெயர்களிலும் கண் வேண்டும். கன்னியா வெந்நீரூற்று நகரத்துக்கு வடமேற்கே, அநுராதபுர வீதிப் பக்கம். கிண்ணியா குடாவுக்கு அப்பால், 2009இல் திறந்த அந்த நீளப் பாலத்தைக் கடந்து போக வேண்டிய ஊர். ஆங்கிலத்தில் தட்டினால் ஓர் எழுத்துதான் வித்தியாசம், ஆகவே ஒன்றைத் தேடி மற்றதில் போய் நின்றவர்கள் பலர். வழியில் யாரிடமாவது "கேம்ப் எங்கே?" என்று மட்டும் கேட்காதீர்கள். எங்கள் ஊர்க்காரர் நேராகக் கடற்படை முகாமைக் காட்டுவார், அவர்மேல் பிழை இல்லை. இடத்தின் பெயரோடு நடத்துபவரின் பெயரையும், பக்கத்தில் உள்ள கோயிலையோ பள்ளிவாசலையோ கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, இணையத்தில் பதிவு செய்ததும் வருகிற "உறுதி செய்யப்பட்டது" என்ற செய்தி. அது இயந்திரம் அனுப்புவது. என் வளவில் சிக்னல் வேண்டுமென்றால் கிணற்றுக்கட்டில் ஏறி நிற்க வேண்டும். மத்தியானம் நீங்கள் போட்ட பதிவை நான் மறுநாள் காலையில் பார்த்த சந்தர்ப்பங்கள் உண்டு. ஆகவே பேசுங்கள். குரலைக் கேட்டு, "வாருங்கள்" என்று நான் சொன்னால்தான் அது பதிவு. எத்தனை பேர், எந்த வாகனம், எத்தனை மணிக்கு: இந்த மூன்றும் போதும். வருபவர்களின் அடையாள அட்டை இலக்கத்தையும் கேட்பேன். கோபித்துக்கொள்ளாதீர்கள், பொலிஸ் வந்து கேட்டால் பதில் சொல்ல வேண்டியவன் நான்.

நேரத்தைப் பற்றி. கொழும்பிலிருந்து திருகோணமலை நகரத்துக்கே ஏறத்தாழ 260 கிலோமீட்டர். மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் புறப்பட்டு, தம்புள்ளையில் இறங்கிப் படமெடுத்து, ஹபரணையில் தேநீர் குடித்தால், கந்தளாய் வீதியில் யானைகள் குறுக்கே வருகிற நேரத்துக்குச் சரியாக அங்கே இருப்பீர்கள். காலையில் ஆறு மணிக்குள் புறப்படுங்கள். ஜூன் மாதத்தில்கூட ஆறரைக்கெல்லாம் பொழுது பட்டுவிடுகிறது. இரவு ரயிலில் வருபவர்கள் விடியற்காலையில் நகரத்தில் இறங்குவார்கள். அவர்களும் நேராக ஓட்டோ பிடித்து வந்து நிற்கக் கூடாது. முதல் நாள் இரவு தங்கியவர்கள் அப்போது கூடாரத்துக்குள் தூங்கிக்கொண்டிருப்பார்கள். கோணேசர் கோயிலுக்குப் போய்க் கும்பிட்டு, காலைச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு ஆறுதலாக வாருங்கள்.

எல்லாம் செய்தும் வழி தவறிவிட்டதா? பரவாயில்லை, தவறட்டும். ஒழுங்கைக்குள் மேலும் மேலும் போகாதீர்கள். பிரதான வீதிக்குத் திரும்பி, திறந்திருக்கும் ஒரு கடை வாசலில் நிறுத்தி அழையுங்கள். கடை இல்லையென்றால் பொலிஸ் நிலையம். ஒரு வீட்டு வாசலில் நின்றே ஆக வேண்டும் என்றால் முன்விளக்கை அணைத்துவிட்டு வாகனத்தின் உள்விளக்கைப் போடுங்கள், உள்ளே இருப்பவர்களின் முகம் தெரியட்டும். சோதனைச் சாவடிக் காலத்தில் நாங்கள் எல்லோரும் பழகிய வேலைதான் அது. ஹோர்ன் வேண்டாம். படலையைத் தொட வேண்டாம். வீதியில் நின்றபடியே உங்கள் பெயர், ஊர், யாரிடம் வந்தீர்கள் என்பதைச் சொல்லிக் கூப்பிடுங்கள். பெண்கள் இருந்தால் அவர்கள் முதலில் பேசட்டும். யாருக்காவது காயம் அல்லது பாம்புக்கடி என்றால் என்னைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம், 1990க்கு அழையுங்கள், அம்புலன்ஸ் வரும்; காசு கேட்க மாட்டார்கள்.

நிலாவெளிக்கு எதிரே கடலில் இருக்கும் புறாத்தீவில் கூடாரம் அடிக்கலாமா என்று மாதம் தவறாமல் யாராவது கேட்கிறார்கள். முடியாது. 2003 முதல் அது தேசியப் பூங்கா. பகலில் டிக்கெட் எடுத்துப் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். நவம்பரிலிருந்து ஜனவரி வரை மாரி, அந்த மாதங்களில் நான் கூடாரங்களைச் சுருட்டி வீட்டுக்குள் போட்டுவிடுவேன், உங்கள் செயலி "திறந்திருக்கிறது" என்று என்னதான் சொன்னாலும்.

வர முடியாமல் போனாலும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், தயவுசெய்து. வருகிறேன் என்று சொன்னவர் பிந்தினால், தொலைபேசியிலும் கிடைக்கவில்லையென்றால், அவர் படலையில் கை வைத்துவிடுவாரோ என்ற பயத்தில் வேலியை அணைத்து வைத்துவிட்டுத்தான் காத்திருக்கிறேன். யானைக்கு அதைக் கண்டுபிடிக்க அதிக நேரம் தேவைப்படுவதில்லை. சென்ற ஆண்டு அப்படி ஓர் இரவில் பக்கத்து வளவின் வாழைகள் முழுவதும் போயின. வராதவர்கள் நகரத்தில் அறை எடுத்துவிட்டார்களாம்; காலையில் செய்தி வந்தது. வாழைக்கு நான்தான் பணம் கொடுத்தேன்.