‘சேஃப் ஹேவன்’ சட்டமும் சரணடையும் குழந்தைகளும்: ஒரு சொல் விளக்கம்

அமெரிக்காவில் பிறந்து சில நாள்களே ஆன குழந்தையைத் தாய் ஒருவர் காவல் நிலையத்தில் கொடுத்துவிட்டுச் சென்ற செய்தி தமிழில் வரும்போதெல்லாம், ‘பாதுகாப்பான சொர்க்கச் சட்டத்தின்கீழ்க் குழந்தை போலீசில் சரணடைந்தது’ என்னும் தோரணையில் ஒரு வாக்கியம் தவறாமல் வந்து நிற்கிறது. பச்சைக் குழந்தையைப் பெற்றவர் தண்டனை அச்சமின்றிக் குறித்த இடத்தில் கொடுத்துவிட்டுப் போக வழிசெய்யும் ‘சேஃப் ஹேவன்’ சட்டம்தான் தமிழில் இப்படி ஆகிவிட்டது. தலை நிற்காத பச்சைக் குழந்தை என்ன குற்றம் செய்து, எந்த ஆய்வாளர் முன்னிலையில் சரணடைந்தது என்று மொழிபெயர்த்தவர் ஒரு கணமாவது யோசித்திருக்கலாம்.

சொர்க்கத்தை முதலில் முடித்துவிடுவோம். ‘ஹேவன்’ வேறு, சொர்க்கத்தைக் குறிக்கும் ‘ஹெவன்’ வேறு. முன்னது பழைய ஆங்கிலத்தில் துறைமுகத்தைக் குறித்த சொல். ஜெர்மன் மொழியில் துறைமுகத்திற்கு இன்றும் ‘ஹாஃபன்’ என்றே பெயர். கோபன்ஹேகன் என்னும் நகரப் பெயரின் பின்பாதியும் அதே வேரைச் சேர்ந்தது. கடற்சீற்றத்தில் கப்பல் ஒதுங்கும் இடம் என்ற பொருள் விரிந்து, இடர் வந்தால் ஒதுங்கும் எவ்விடத்திற்கும் அச்சொல் ஆகிவந்தது. வானுலகத்திற்கும் அதற்கும் உறவே இல்லை. குழந்தை சொர்க்கம் சேர்ந்தது என்றால் தமிழில் அதற்கு என்ன பொருள் என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

‘பாதுகாப்பான புகலிடம்’ என்று எழுதுவோர் இந்தப் பள்ளத்தில் விழுவதில்லை. ஆனாலும் அத்தொடர் ஏற்கெனவே வேறு வேலைக்குப் போய்விட்டது. தீவிரவாதிகளுக்குப் பாதுகாப்பான புகலிடம் தரும் நாடு என்று நாளேடுகள் எழுதி எழுதி அதன் நிறம் மாறிவிட்டது. புகலிடக் கோரிக்கையாளர் என்றாலோ ஐரோப்பாவிலும் கனடாவிலும் வாழும் ஈழத்தமிழரின் நினைவுதான் எவருக்கும் வரும். புகுபவர் தாமே புகுவதுதான் புகலிடம். குழந்தை புகுவதில்லை, ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குப் போகிறது.

பெரிய தவறு ‘சரண்’ என்பதில்தான் இருக்கிறது. ஆங்கிலத்தில் ‘சரண்டர்’ என்பது பழைய பிரெஞ்சிலிருந்து வந்தது. தன் வசமுள்ளதை விட்டுக்கொடுத்தல் என்பது அதன் அடிப்படைப் பொருள். நிலத்தையும் விட்டுக்கொடுக்கலாம், ஆயுதத்தையும் விட்டுக்கொடுக்கலாம், தன்னையேயும் விட்டுக்கொடுக்கலாம். தமிழில் நாம் எடுத்தாளும் சரண், வடமொழியில் காப்பு, அடைக்கலம் என்னும் பொருளுடைய ‘சரணம்’. ஒலி ஒற்றுமை தற்செயலானது. அந்த ஒற்றுமையில் மயங்கித்தான் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டார்கள். ‘சரணடை’ என்பது சரண் புகுபவர் தாமே செய்யும் வினை என்பதையும் கவனிக்க வேண்டும். ஒருவர் இன்னொருவரைச் சரணடையலாமே தவிர, தன் கையில் உள்ள ஒன்றைச் சரணடைய முடியாது. அரசு ஊழியர் வட்டாரத்தில் ‘ஈட்டிய விடுப்பு சரண்’ என்று கோப்புகளில் எழுதுகிறார்கள். விடுப்பு யார் காலில் போய் விழுந்தது என்று அங்கேயும் கேட்கத்தான் வேண்டும். அது சம்பளக் கணக்கோடு போய்விடும் என்பதால் பொறுத்துக்கொள்ளலாம். குழந்தையின் செய்தியில் இலக்கணப் பிழை பொருட்பிழையாகவும் ஆகிறது. ஏனெனில் தமிழ்ச் செய்தி நடையில் ‘போலீசில் சரண்’ என்றால் குற்றம் உண்டு, தேடல் உண்டு, வழக்கு உண்டு. இந்தச் சட்டம் பிறந்ததே அந்த மூன்றும் இல்லாமல் செய்வதற்காக.

1999-இல் டெக்சாஸ் மாநிலம் இத்தகைய சட்டத்தை முதலில் இயற்றியது. நாணற்பெட்டியில் நைல் ஆற்றோரம் வைக்கப்பட்ட மோசேயின் பெயரால் ‘குழந்தை மோசே சட்டம்’ என்று அங்கே அதை அழைக்கிறார்கள். குப்பைத் தொட்டியிலும் புதரிலும் பச்சைக் குழந்தைகள் வீசப்படுவதைத் தடுக்க வேண்டுமானால், பெற்றவருக்குத் தண்டனை அச்சம் இல்லாத ஒரு வாசல் வேண்டும் என்பதே இதன் பின்னுள்ள எண்ணம். 2008-க்குள் ஐம்பது மாநிலங்களும் இதைப் பின்பற்றின. ஆனால் எல்லா மாநிலத்திலும் காவல் நிலையம் அந்த வாசல்களில் ஒன்றாக இல்லை.

காவல் நிலையம் வாசலாக இருக்கும் இல்லினாய் மாநிலத்தின் நடைமுறையைப் பார்த்தால் ‘சரண்’ எவ்வளவு பொருந்தாத சொல் என்பது விளங்கும். பிறந்து முப்பது நாளுக்கு மேற்படாததாகத் தோன்றும் குழந்தையை ஒருவர் கொண்டுவந்து பணியாளரின் கையில் கொடுத்தால், காவல் நிலையம் அதை வாங்கிக்கொண்டே ஆகவேண்டும். கொடுப்பவர் பெயர் சொல்லத் தேவையில்லை, கொடுத்ததும் போய்விடலாம். அவரிடம் தகவல் உறை ஒன்று நீட்டப்படும், விரும்பினால் வாங்கிக்கொள்ளலாம். குழந்தையின் நோய் வரலாற்றை எழுதும் படிவம் அதில் இருக்கும். பின்னர்க் குழந்தையை அருகிலுள்ள மருத்துவமனைக்கு அனுப்புவது நிலையத்தின் பொறுப்பு. குழந்தையைக் கொடுத்தார் என்ற ஒரே காரணத்திற்காகக் குற்ற விசாரணை தொடங்கக் கூடாது என்று சட்டமே சொல்கிறது. உடலில் வதைக்கப்பட்ட அடையாளம் இருந்தால் கதை வேறு. காவலருக்கு மிஞ்சும் புலனாய்வு வேலை, எங்கிருந்தாவது திருடப்பட்ட குழந்தையா என்று காணாமற்போனோர் தரவில் ஒத்துப்பார்ப்பது மட்டுமே. மனம் மாறித் தாய் நிலையத்திற்குத் திரும்பி வந்தால் அவரைப் பிடித்து வைப்பதில்லை, குழந்தை இருக்கும் மருத்துவமனையின் பெயரையும் இடத்தையும் சொல்லி அனுப்புகிறார்கள். இதில் சரண் எங்கே இருக்கிறது?

இன்னும் சிலர் ‘கைவிடப்பட்ட குழந்தை’ என்று எழுதுகிறார்கள். இதற்கு அமெரிக்கர்களையும் கொஞ்சம் நோக வேண்டும். இல்லினாய்ச் சட்டம் 2001-இல் வந்தபோது அதன் தலைப்பிலேயே அச்சொல்லை வைத்தார்கள். ஆனால் சட்டத்தின் உள்ளே, குழந்தையைக் கொடுக்கும் செயலுக்குத் தனிச்சொல் வைத்து அதற்கு இலக்கணமும் வகுத்திருக்கிறார்கள். கைவிடுதல் குற்றம், கையில் கொடுத்தல் குற்றமில்லை என்னும் வேறுபாட்டின்மீதுதான் சட்டம் முழுவதும் நிற்கிறது. தமிழாக்கத்தில் அந்த வேறுபாடு அழிந்தால் எஞ்சுவது எதுவுமில்லை.

சொல் தளர்ந்தால் சட்டம் என்ன ஆகும் என்பதற்கு நெப்ராஸ்கா சாட்சி. 2008-இல் அம்மாநிலச் சட்டத்தில் வயது வரம்பே குறிக்காமல் ‘குழந்தை’ என்று மட்டும் எழுதினார்கள். சில மாதங்களில் 36 பேர் மருத்துவமனைகளில் விடப்பட்டார்கள். அவர்களில் ஒருவர்கூடப் பச்சைக் குழந்தை இல்லை, பலர் பதின்வயதினர். அவ்வாண்டு நவம்பரிலேயே சட்டமன்றத்தைக் கூட்டி முப்பது நாள் என்று வரம்பு கட்ட நேர்ந்தது. ஆகவே தமிழிலும் ‘குழந்தை’ போதாது. நம் அரசு மருத்துவமனைகளின் பெயர்ப்பலகைகளில் ‘பச்சிளங்குழந்தை’ என்ற அழகிய சொல் பல்லாண்டுகளாகத் தொங்கிக்கொண்டிருக்கிறது. செய்தி அறையில் இருப்பவர்கள் அதை நிமிர்ந்து பார்த்தால் போதும்.

செயலுக்கு ‘ஒப்படைப்பு’ என்பதே என் தேர்வு. திருடனையும் பிடித்துப் போலீசில் ஒப்படைக்கிறோமே, அங்கேயும் குற்றவாடை வீசாதா என்று கேட்பார்கள். பயணி தவறவிட்ட நகைப்பையைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்த ஆட்டோ ஓட்டுநரைப் பற்றியும் அடிக்கடி படிக்கிறோம். அச்சொல் திருடனிடமிருந்து எந்தக் கறையையும் ஒட்டிக்கொள்ளவில்லை. பொறுப்புள்ள கையில் பொறுப்போடு சேர்ப்பது என்னும் பொருள் அதில் நிற்கிறது. இலங்கை வழக்கான ‘கையளித்தல்’ எனக்கு இதைவிடவும் பிடிக்கும். கைக்குக் கை மாறுவது சொல்லிலேயே தெரிகிறது.

சட்டத்தின் பெயருக்கு ‘பச்சிளங்குழந்தை அடைக்கலச் சட்டம்’ எனலாம். புகலும் சரணும் தாமே தேடிப் போவன. அடைக்கலம் ஒருவர் இன்னொருவரிடம் வைத்துச் செல்லவும் கூடியது. சிலப்பதிகாரத்தின் அடைக்கலக் காதையில் கவுந்தியடிகள் கண்ணகியை இடைக்குல மூதாட்டி மாதரியிடம் அப்படித்தான் சேர்க்கிறார். ‘அடைக்கலப் பொருள்’ என்றால் நம்பி ஒருவரிடம் வைக்கப்பட்ட பொருள். இத்தனை பொருத்தமான சொல் கையில் இருக்க, சொர்க்கம் வரை போவானேன்?

‘அமெரிக்கத் தொட்டில் குழந்தைத் திட்டம்’ என்று எழுதுவோரும் உண்டு. பெண்சிசுக் கொலையைத் தடுக்க ஜெயலலிதா அரசு 1992-இல் சேலத்தில் தொடங்கிய திட்டம் அது. நோக்கத்தில் உறவு இருந்தாலும் அது அரசு வைத்த தொட்டில், இது குற்றப்பொறுப்பை நீக்கும் சட்டம். இந்தியச் சிறார் நீதிச் சட்டம் 2015-இலும் கைவிடப்பட்ட குழந்தைக்கும் பெற்றோர் ஒப்படைத்த குழந்தைக்கும் தனித்தனி வரையறை இருக்கிறது. அங்கேயும் ‘ஒப்படைப்பு’ தடையின்றிப் பொருந்தும். ஆனால் அங்கே பெற்றோர் குழந்தைகள் நலக் குழுவின் முன் வந்து, அறிவுரை கேட்டு, ஒப்படைப்பு ஆவணத்தில் கையெழுத்திட வேண்டும். மறுபரிசீலனைக்கு இரண்டு மாத அவகாசம் உண்டு. பெயர் சொல்லாமல் கொடுத்துவிட்டுப் போகும் அமெரிக்க முறையை விளக்கும்போது ‘நம் நாட்டிலும் இதே சட்டம் உள்ளது’ என்று அடியில் ஒரு வரி சேர்ப்பதையும் தயவுசெய்து நிறுத்திக்கொள்ளலாம்.