மாரிஸ் மைனரில் பெட்ரோல் எப்போது ஒழுகுகிறது?

பழைய மாரிஸ் மைனர் காரில் திடீரென்று பெட்ரோல் வாடை அடிக்கும். பானெட்டைத் திறந்தால் எல்லாம் காய்ந்து கிடக்கும். மெக்கானிக்கிடம் கொண்டுபோன அன்றைக்கோ சொட்டுக்கூட வராது. இப்படிப்பட்ட ஒழுக்கைப் பிடிக்க, அது எந்த நேரத்தில் வருகிறது என்பதைத்தான் முதலில் குறித்துவைக்க வேண்டும்.

1948-இல் அறிமுகமாகிப் பதினாறு லட்சத்துக்கு மேல் தயாரான இந்த வண்டியில் டேங்க் பின்னால், டிக்கிக்கு அடியில் இருக்கிறது. மின்சாரத்தில் இயங்கும் எஸ்.யூ. நிறுவன பெட்ரோல் பம்ப் முன்னால், எஞ்சினுக்குப் பின்னுள்ள தடுப்புத் தகட்டில். ஆகவே டேங்கிலிருந்து பம்ப் வரை உறிஞ்சல். பம்பிலிருந்து, பெட்ரோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்குக் கொடுக்கும் கார்பரேட்டர் வரை தள்ளல். பின்குழாயில் கீறல் விழுந்தால், பம்ப் ஓடும்போது காற்றுதான் உள்ளே போகும். முன்குழாய் கீறினால் சாவி போட்டதும் பெட்ரோல் கசியும்.

இதைக் காதாலேயே கண்டுபிடிக்கலாம். எஞ்சினைக் கிளப்பாமல் சாவியை மட்டும் திருப்புங்கள். பம்ப் 'டக் டக்' என்று அடித்து, கார்பரேட்டர் நிரம்பியதும் அடங்க வேண்டும். அடங்கிய பிறகும் சில நொடிக்கொரு தரம் அடித்தால், முன்பக்கம் எங்கோ பெட்ரோல் வெளியேறுகிறது. அல்லது பம்பின் உள்வால்வு பின்னுக்கு விடுகிறது. ஓயாமல் படபடத்தால் காற்றை இழுக்கிறது, அல்லது டேங்க் காலி. நெடுநேரம் இப்படி விடாதீர்கள், தீப்பொறிக்கு மின்சாரம் தரும் இக்னிஷன் காயில் (கம்பிச்சுருள்) சூடாகிவிடும்.

பெரும்பாலும் மாட்டுவது கார்பரேட்டரின் மிதவை அறைதான். பெட்ரோல் ஏற ஏற மிதவை உயர்ந்து, ஒரு ஊசியைத் தள்ளி, வரும் துளையை அடைக்கும். டேங்கின் துருத் துணுக்கு ஒன்று அந்த ஊசியடியில் சிக்கினால் துளை மூடாது. அறை நிரம்பி வழியும். வண்டி ஒரு பள்ளத்தில் குலுங்கினால் துணுக்கு நழுவும், ஒழுக்கும் நின்றுவிடும். மெக்கானிக்கிடம் போய்ச் சேர்வதற்குள் வண்டி 'சரியாகி'விடுவது இப்படித்தான். இந்த எஞ்சினில் புகைபோக்கிக் குழாயும் கார்பரேட்டர் இருக்கும் பக்கத்திலேயே, அதற்குக் கீழே இருக்கிறது. சூடான இரும்பில் விழும் சொட்டு தடயமில்லாமல் ஆவியாகும், தீப்பிடிக்கவும் செய்யும். வண்டியில் தீயணைப்பான் இல்லாமல் இந்தச் சோதனையில் இறங்கவே கூடாது.

பித்தளை மிதவையில் ஊசிமுனை ஓட்டை இருந்தால், அதற்குள் பெட்ரோல் புகுந்து அது கனத்து அமிழ்ந்துவிடும். கழற்றிய மிதவையை, அடுப்பிலிருந்து இறக்கித் தள்ளிவைத்த வெந்நீரில் முக்கினால் ஓட்டை வழியே குமிழி வரும்.

டேங்கை நிரப்பிய நாளில் மட்டும் வாடை வந்தால் வேறு கதை. பெட்ரோல் ஒரு டிகிரி செல்சியஸ் சூட்டுக்கு ஏறக்குறைய 0.1 சதவீதம் விரியும். 30 லிட்டர், 20 டிகிரி கூடினால், அரை லிட்டருக்கு மேல் இடம் கேட்கும். வெயிலில் நிறுத்திய வண்டியில் அது மூடி வழியாகவோ, டேங்கின் மேலுள்ள அளவுகாட்டியைக் கசியாமல் அடைக்கும் பழைய கேஸ்கட் வழியாகவோ வெளியேறும்.

1990களின் எரிபொருள் தடைக்காலத்தில் யாழ்ப்பாணத்தில் மண்ணெண்ணெயில்கூட ஓடிய வண்டி இது. எஞ்சின் எதையும் தாங்கும், ரப்பர் தாங்காது. பிரிட்டனில் 2021 முதல் சாதாரண பெட்ரோலில் 10 சதவீதம் வரை எத்தனால் கலக்கிறார்கள். அது பழைய ரப்பரைக் கெடுப்பதோடு, டேங்கில் படிந்த அழுக்கையும் கிளறிவிடும். சந்தேகமுள்ள இணைப்புகளைத் துடைத்து, எஞ்சின் ஆறியிருக்கையில் முகப்பவுடர் தூவி, சாவியைத் திருப்பிப் பாருங்கள். பவுடர் நனையும் இடத்தில் ஹோஸை மட்டும் மாற்றாமல், கிளிப்பையும் சேர்த்து மாற்றுங்கள். இறுகிப்போன பழைய கிளிப் புது ஹோஸையும் வெட்டிவிடும்.