பிஸ்கட் கவரை யார் அள்ளுவது?

பிளாஸ்டிக் குப்பைக்குத் தயாரிப்பாளர்தான் பொறுப்பு என்று சட்டம் இருக்கிறதே, அப்படியென்றால் தெருமுனையில் கிடக்கும் பிஸ்கட் கவரை அந்தக் கம்பெனிக்காரர் வந்து எடுத்துப் போக வேண்டாமா? பலரும் இப்படிக் கேட்கிறார்கள். வேண்டியதில்லை. சட்டம் எடைக் கணக்கைத்தான் கேட்கிறது. 100 டன் பிளாஸ்டிக்கில் பொருளைப் பொதிந்து விற்றால், அதே வகைப் பிளாஸ்டிக்கில் 100 டன் குப்பையை அப்புறப்படுத்த வழி செய்திருக்க வேண்டும். அது யார் விற்ற கவராகவும் இருக்கலாம்.

2016 பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை விதிகளிலேயே இந்தப் பொறுப்பு உண்டு. ஆனால் எதை, எவ்வளவு, எந்த ஆண்டுக்குள் என்ற கணக்கு 2022 பிப்ரவரித் திருத்தத்தில்தான் வந்தது. பொறுப்பேற்க வேண்டிய எடையில் 2021-22இல் 25 சதவீதம், மறு ஆண்டு 70, 2023-24 முதல் முழுதாக 100.

பொறுப்பு மூவருக்கு: பிளாஸ்டிக் உறை தயாரிப்பவர், இறக்குமதி செய்பவர், பிராண்டு உரிமையாளர். ஓரிரு மாநிலங்களில் மட்டும் தொழில் செய்பவர் மாநில மாசு கட்டுப்பாட்டு வாரியத்திலும், அதற்கு மேல் போனால் மத்திய வாரியத்திலும் இணையதளம் வழியாகப் பதிய வேண்டும். வீட்டில் முறுக்கு சுட்டுச் சொந்தப் பெயரில் விற்பவர் பயப்பட வேண்டாம். குறு, சிறு நிறுவன பிராண்டுகளுக்கு இலக்கு கிடையாது. அவருக்குக் கவர் விற்றவர் பக்கம் அந்தக் கணக்கு போய்விடும்.

எல்லா பிளாஸ்டிக்கும் ஒன்றில்லை. பாட்டில், டப்பா போன்ற கெட்டியானவை முதல் வகை. கேரி பேக், பால் கவர் இரண்டாவது. பிளாஸ்டிக்கோடு அலுமினியத் தாளோ காகிதமோ சேர்த்து ஒட்டிய பாக்கெட் மூன்றாவது. மக்கும் பிளாஸ்டிக் நான்காவது. அப்படிப் பொறுப்பேற்ற எடையில், 2024-25இல் முதல் வகையில் குறைந்தது 50 சதவீதமும், அடுத்த இரண்டு வகைகளில் 30 சதவீதமும் மறுசுழற்சி ஆக வேண்டும். ஆண்டுக்குப் பத்துப் பத்தாகக் கூடி 2027-28இல் 80, 60 என்று நிற்கும். மறுசுழற்சிக்கு ஆகாதது சாலை போடவும் சிமென்ட் சூளைக்கும் போகலாம். பழைய பேப்பர் கடையில் தண்ணீர் பாட்டிலுக்கு விலை உண்டு. ஒட்டுத்தாள் பாக்கெட்டை யாரும் சீண்டுவதில்லை. சிக்கலே அங்கேதான்.

சரி, கம்பெனி எப்படிக் கணக்குக் காட்டும்? மறுசுழற்சி ஆலை தான் பதப்படுத்திய எடைக்குச் சான்றிதழ் தரும். கம்பெனி அதைக் காசு கொடுத்து வாங்கும். இலக்கைத் தாண்டியவர் மிச்சத்தை மற்றவருக்கு விற்கலாம். காகிதத்துக்குக் காசு என்றால் தில்லுமுல்லும் வரும்தானே? ஆறு லட்சத்துக்கு மேல் போலிச் சான்றிதழ்கள் வெளிவந்ததை மத்திய வாரியமே 2023இல் கண்டுபிடித்தது.

இலக்கு தவறினால் சுற்றுச்சூழல் இழப்பீடு கட்ட வேண்டும். விட்ட பாக்கியை ஓராண்டுக்குள் முடித்தால் கட்டிய இழப்பீட்டில் 75 சதவீதம் திரும்பக் கிடைக்கும்; இரண்டாம் ஆண்டில் 60, மூன்றாம் ஆண்டில் 40. இழப்பீடு கட்டினாலும் பாக்கி தள்ளுபடி ஆகாது, மூன்றாண்டு வரை கணக்கில் தொடரும்.

கவரைத் திருப்பிக் கொடுப்பவருக்குப் பணம் தரும் ஏற்பாட்டை நிறுவனங்கள் விரும்பினால் செய்யலாம், கட்டாயமில்லை. டாஸ்மாக் காலி பாட்டிலுக்கு 10 ரூபாய் திரும்பக் கிடைப்பது நீதிமன்றம் தலையிட்டு வந்த தனி ஏற்பாடு; இந்த விதிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.